டெலிஹேண்ட்லரில் பூம் பாதியில் நின்று அலாரம் அடிக்கிறது, நேற்று வரை சரியாக இருந்தது. அவசரம்

ஷார்ஜா டிரைவர் – மதியம் 12:41

அண்ணன்மாரே, அவசர உதவி வேண்டும். 17 மீட்டர் உயரம் எட்டும், 4 டன் வரை தூக்கும் டெலிஹேண்ட்லர் ஓட்டுகிறேன் (பூம் என்ற நீளும் கையால் பாரம் தூக்கும் மெஷின்), வாடகை மெஷின். மூன்றாவது மாடிக்கு பிளாக் ஏற்றும் வேலை. நேற்று மட்டும் இருபது பேலட்டுக்கு மேல் ஏற்றினேன், ஒரு பிரச்சினையும் இல்லை. இன்று காலையிலிருந்து அதே வேலைதான், ஆனால் பூமை நீட்டினால் பாதியிலேயே சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் அடித்து நின்றுவிடுகிறது, உள்ளே இழுத்தால் மட்டும் வருகிறது. சென்சார் போய்விட்டது, சாவியைத் திருப்பி பைபாஸ் பண்ணி (தடுப்பை விலக்கி) ஏற்று என்கிறார் ஃபோர்மேன். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவாராம். இப்போது வெயில் பிரேக், 3 மணிக்கு மறுபடி ஏற வேண்டும். சென்சாரை ரீசெட் பண்ணுவது எப்படி?

கிரீஸ் கை – 12:48

ஹைட்ராலிக் ஆயில் தம்பி. ஆகஸ்ட் வெயிலில் ஆயில் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், பிரஷர் ஏறாது. ரேடியேட்டரில் மண் அடைத்திருக்கும், ஏர் அடித்துப் பாருங்கள். போன வருடம் எனக்கு இதே மாதிரி வந்தது.

தோஹா தமிழன் – 12:52

ஆயில் சூடானால் பூம் மெதுவாக வரும், சிவப்பு விளக்கு எரியாது. அதுவும் நீட்ட மட்டும் மறுத்து இழுக்க மட்டும் விடுகிறது என்றால் மெஷின் வேண்டுமென்றேதான் தடுக்கிறது. தம்பி, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்: ஸ்டெபிலைசர் (முன்னால் தரையில் ஊன்றும் கால்) இறக்கியிருக்கிறீர்களா? பூம் எத்தனை டிகிரி? எவ்வளவு நீண்டிருக்கிறது என்று காட்ட பூம் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்தில் எது வரை வெளியே வந்து நிற்கிறது? முன்னால் ஃபோர்க்கா, வேறு எதுவுமா? பிளாக் என்றால் எந்த பிளாக், பேலட்டுக்கு எத்தனை கல்?

பழைய ரிக்கர் – 12:57

தேர்ட் பார்ட்டி கார்டு (வெளி நிறுவனம் சோதித்துக் கொடுக்கும் ஓட்டுநர் சான்று) இல்லாமல் கேபினில் ஏற விட மாட்டார்கள், கார்டு வைத்திருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. கேபினில் கண்ணெதிரே லோட் சார்ட் (எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்ற அட்டவணை) ஒட்டியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமல் சென்சார் ரீசெட் கேட்கிறீர்கள். நான் கிரேனில் 22 வருடம் இருந்தவன், இப்போது வருகிற பையன்களுக்கு ஜாய்ஸ்டிக் மட்டும்தான் தெரிகிறது.

ஷார்ஜா டிரைவர் – 1:04

கார்டு இருக்கிறது அண்ணே. அதே ஃபோர்க், பேலட்டுக்கு 72 கல், நேற்றும் 72 தான். ஸ்டெபிலைசர் போட்டுத்தான் தூக்குகிறேன். எழுத்து கவனிக்கவில்லை.

புதுக்கோட்டை சேஃப்டி – 1:13

தம்பி, முதலில் ஒன்று. அந்தச் சாவியைத் தொடாதீர்கள். பூம் வெளியே மாட்டிக்கொண்டு எந்தப் பக்கமும் அசையாமல் நின்றால் பத்திரமாக உள்ளே கொண்டுவருவதற்காகக் கொடுத்தது அது. பாரத்தோடு இன்னும் வெளியே நீட்டுவதற்கு அல்ல. ஃபோர்மேன் சொன்னார் என்றாலும் கேபினில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

அந்த சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். கல்லை அது நிறுக்கவில்லை. பெரும்பாலான மெஷின்களில் பின் ஆக்ஸிலில் உட்கார்ந்து, பின் டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்று மட்டும் பார்க்கிறது. மெஷின் ஒரு கிணற்று ஏற்றம் மாதிரி. டயரில் நின்று தூக்கினால் முன் ஆக்ஸில், ஸ்டெபிலைசரில் நின்று தூக்கினால் ஸ்டெபிலைசர், அதுதான் நடுக்கட்டை. பாரம் முன்னால் போகப் போகப் பின்பக்கம் இலேசாகும், ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் நீட்டுவதை வெட்டிவிடும். எடை கூடினாலும் வெட்டும், எடை அதேதான் இருந்து தூரம் கூடினாலும் வெட்டும்.

சோதிக்க ஒரு வழி: வெறும் ஃபோர்க்கோடு, சுற்றி ஆள் யாரும் இல்லாமல், அதே இடத்தில் அதே கோணத்தில் பூமை நீட்டுங்கள். பச்சையிலேயே அதே எழுத்து வரை போனால் சென்சார் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை, பாரத்தைத்தான் பார்க்க வேண்டும். வெறுமையாகவே சிவப்பு வந்தால் மெஷினை நிறுத்தி 'ஓட்டாதே' டேக் போட்டுவிடுங்கள், மெக்கானிக் வரும் வரை ஓட்ட வேண்டாம்.

இன்னொன்று, பேலட் ஃபோர்க்கின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். சார்ட்டில் இருக்கும் எண்கள் பாரத்தின் மையம் முதுகிலிருந்து 50 அல்லது 60 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துப் போட்டவை. பேலட்டை நுனியில் எடுத்தால் அந்த எண் செல்லாது.

தோஹா தமிழன் – 1:19

இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த சென்சார் முன்னால் கவிழ்வதை மட்டும்தான் பார்க்கும், பக்கவாட்டில் சாய்வது அதற்குத் தெரியாது. இஎன் 15000 என்ற ஐரோப்பியத் தரமே முன்பக்கக் கவிழ்வைப் பற்றியதுதான். அதனால் பூமைத் தூக்கும் முன்பே குமிழி லெவலைப் பார்த்து மெஷினைச் சமமாக்குங்கள். தூக்கிய பிறகு ஃப்ரேமை ஆட்டாதீர்கள்.

கிரீஸ் கை – 1:22

சரி, ஆயில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். டயர் பிரஷர்? ஒரு பக்கம் காற்று கம்மி என்றால் மெஷின் சாயும்.

ஷார்ஜா டிரைவர் – 1:34

வெறும் ஃபோர்க்கோடு பார்த்தேன், முழுக்க நீள்கிறது, பச்சை. அப்புறம் அண்ணே, நேற்று ஏற்றியது ஹாலோ பிளாக் (உள்ளே ஓட்டை உள்ள கல்), இன்று லிஃப்ட் சுவருக்கு சாலிட் (ஓட்டை இல்லாதது). சைஸ் ஒன்றுதான், அதனால் சொல்லவில்லை. நேற்று நின்ற இடத்தில் பைப் போட குழி வெட்டிவிட்டார்கள், இரண்டு மீட்டர் பின்னால் நிற்கிறேன்.

புதுக்கோட்டை சேஃப்டி – 1:38

இரண்டும் ஒரே நாளில் மாறியிருக்கிறது! கல் ஒன்றை நிறுக்க முடியுமா? சார்ட்டில் நேற்றைய தூரத்துக்கும் இன்றைய தூரத்துக்கும் என்ன போட்டிருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டெபிலைசர் இறக்கியதற்கும் டயரில் நிற்பதற்கும் தனித்தனி சார்ட் இருக்கும், மாற்றிப் படித்துவிடாதீர்கள்.

பழைய ரிக்கர் – 1:41

இவ்வளவு கணக்கு தேவையே இல்லை. ஃபோர்க்கில் பெல்ட் ஸ்லிங்கைச் சுற்றிப் பாதிப் பாதியாகத் தொங்கவிட்டு ஏற்றலாம். நாங்கள் எல்லாம் அப்படித்தான் ஏற்றினோம்.

தோஹா தமிழன் – 1:47

அண்ணே, அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இதை ஒரு சின்னப் பையனுக்குச் சொல்லாதீர்கள். ஃபோர்க் வழுவழுப்பான இரும்பு. 2019-ல் நான் இருந்த சைட்டில் கம்பிக் கட்டு ஒன்றை இப்படித்தான் தொங்கவிட்டுக் கொண்டுபோனார்கள். மெஷின் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் கட்டு முன்னால் ஆடியது, ஸ்லிங் ஃபோர்க்கின் நுனி வரை வழுக்கிக்கொண்டு போனதை நான் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். கட்டு சரிந்து விழுந்த இடத்தில் ஒரு நிமிடம் முன்னால் சைகை காட்டும் பேங்க்ஸ்மேன் நின்றிருந்தார். தொங்கவிட்டுத் தூக்க வேண்டும் என்றால் அதற்கென்று கொக்கி அட்டாச்மென்ட் இருக்கிறது, அதற்குத் தனி சார்ட் இருக்கிறது, பாரம் ஆடாமல் பிடிக்கக் கயிறு வேண்டும்.

பழைய ரிக்கர் – 1:52

ஓட்டியவனின் தவறு அது. மெதுவாகப் போயிருந்தால் ஆடியிருக்காது. ஸ்லிங்கை ஒழுங்காக சோக் (சுருக்கு மாதிரி இறுக்கும் முடிச்சு) போட்டால் வழுக்காது.

தோஹா தமிழன் – 1:55

பள்ளம் இருப்பது அவருக்குத் தெரியாது அண்ணே, மேலே தண்ணீர் தெளித்து மூடியிருந்தது. சோக் போட்டிருந்தார்கள், நான்தான் பார்த்தேனே.

கிரீஸ் கை – 1:58

இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், பையன் 3 மணிக்கு ஏற வேண்டும்.

ஷார்ஜா டிரைவர் – 2:16

ஸ்டோரில் பைண்டிங் கம்பி நிறுக்கும் தராசில் வைத்தேன். சாலிட் 33 கிலோ, ஹாலோ 18. சார்ட்டில் நேற்று நின்ற 6 மீட்டருக்கு 2 டன், இப்போது 8 மீட்டருக்கு 1250 கிலோ.

புதுக்கோட்டை சேஃப்டி – 2:23

பார்த்தீர்களா. நேற்று 72 × 18 = 1296, மரப்பலகை பேலட்டோடு 1320 கிலோ, சார்ட் விட்டது 2000. இன்று 72 × 33 = 2376, பேலட்டோடு 2400, சார்ட் விடுவது 1250. ஏறத்தாழ இரண்டு மடங்கு. கீழே பூம் உள்ளே இருக்கும்போது 4 டன் மெஷினுக்கு 2400 ஒன்றுமே இல்லை, அதனால்தான் இலேசாகத் தூக்கி ஏமாற்றுகிறது. சாவியைத் திருப்பியிருந்தால் மூன்றாவது மாடி உயரத்தில் மெஷின் மூக்கைக் குத்தியிருக்கும், ஸ்லாபில் பேலட்டை வாங்க நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

பேலட்டுக்கு 30 கல் வையுங்கள், 1015 கிலோ வரும். நடை கூடும், கூடட்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஃபோர்மேனிடம் காட்டுங்கள், வாயால் சொன்னால் வாக்குவாதம்தான் வரும்.

அலாரம் அடித்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் பூமைக் கீழே இறக்கத்தான் கை போகும், அதைச் செய்யாதீர்கள். நீட்டிய பூமை இறக்கினால் பாரம் இன்னும் வெளியே போகும். முதலில் உள்ளே இழுங்கள், அப்புறம்தான் இறக்க வேண்டும். கீழே வந்த பிறகு பேலட்டைத் தரைக்குப் பக்கத்தில் தாழ்த்தி, பூமை முழுக்க இழுத்துத்தான் வண்டியை நகர்த்த வேண்டும்.

தோஹா தமிழன் – 2:26

அந்தக் குழி எவ்வளவு ஆழம்? ஸ்டெபிலைசர் பாதம் குழியின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? ஆழம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு தூரம் விட வேண்டும், மணல் என்றால் அதில் இரண்டு மடங்கு. பாதத்துக்கு அடியில் பலகை போட்டீர்களா?

ஷார்ஜா டிரைவர் – மாலை 6:08

30 கல்லாக வைத்து 14 நடை ஏற்றினேன், ஒரு தடவைகூட அலாரம் வரவில்லை. தாளைக் காட்டியதும் ஃபோர்மேன் ஒன்றும் சொல்லவில்லை, சாவியை சேஃப்டி ஆபீசர் வாங்கி வைத்துக்கொண்டார். ரொம்ப நன்றி அண்ணே. கேம்ப் பஸ் வந்துவிட்டது.

தோஹா தமிழன் – 6:15

நல்லது தம்பி. குழியின் ஆழம் சொல்லவில்லையே?

தோஹா தமிழன் – இரவு 9:40

நாளைக் காலை ஏறுவதற்கு முன்னால் இதைப் பார்த்தால் அந்த விளிம்பை மட்டும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ராத்திரி தண்ணீர் லாரி அந்தப் பக்கம் போனால் மண் இளகியிருக்கும்.