கேமரன் மலையில் விடியக்காலை ஸ்டார்ட்டிங்: வெள்ளைப் புகை, டக்டக் சத்தம். அவசரம்!

செலாயாங்_புதுசு:
அண்ணன்மாரே, நாமக்கல்லிலிருந்து செலாயாங்கில் ஒரு பெங்கெலுக்கு (வண்டிப் பட்டறை) மெக்கானிக்கா வந்திருக்கேன், புதுசு. காய்கறி லோரிகளைப் பார்த்துக்கச் சொல்லி இப்போ கேமரன் மலையில இருக்கிற பிரிஞ்சாங்குக்கு அனுப்பிட்டாங்க. விடியக்காலை ஒரு லோரி ஸ்டார்ட் ஆகவே ரொம்ப நேரம் பிடிக்குது. ஸ்டார்ட் ஆனா ஒரே வெள்ளைப் புகை, டக்டக்னு அடிக்குது. எஞ்சின் போச்சு, சம்பளத்துல பிடிப்பேன்னு தௌக்கே (முதலாளி) கத்துறார். நாளைக்கும் 4 மணிக்கு வண்டி இறங்கணும். என்ன செய்ய?

கிள்ளான்_காரன்:
தம்பி, பாஸ்போர்ட் உன் கையில இருக்கா? அதை முதலாளி பிடிச்சு வைக்கக் கூடாது, 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அப்புறம், ஜிடிஎல் லைசென்ஸ் (சரக்கு வண்டி ஓட்டுற லைசென்ஸ்) இல்லாம லோரியை யார்டை விட்டு வெளியே எடுக்காதே. சம்மன் உன் பேருக்குத்தான் வரும்.

எட்மண்டன்_வாசி:
எஞ்சினைக் கரன்ட்ல சூடாக்குற பிளாக் ஹீட்டர் போடுங்க. கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி பிளக்கைச் சொருகினா கூலன்ட் சூடாகிடும். மைனஸ் 18ல பேட்டரி பாதி பலம்தான் கொடுக்கும், டீசல்ல மெழுகு உறைஞ்சு ஃபில்டரை அடைக்கும். குளிர்கால டீசல்தான் அடிக்கணும்.

செந்தூல்_பெங்கெல்:
அண்ணே, அது உங்க கனடாவுக்கு. பிரிஞ்சாங்ல ராத்திரி 15 டிகிரி பக்கம்தான். அந்தக் குளிருக்கு நல்ல எஞ்சின் அடம் பிடிக்காது. ஆனா இடம் 1,500 மீட்டர் உயரம், காத்தழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை அழுத்தி வர்ற சூட்டுலதான் பத்தணும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிடும். தெளிச்ச டீசல் உடனே பத்தாம சேர்ந்து, மொத்தமா ஒரே நேரத்துல பத்தும்போதுதான் அந்த டக்டக். பத்தாம போனது வெள்ளைப் புகையா வெளியே வரும், கண் எரியும். ரெண்டு மூணு நிமிஷத்துல ரெண்டும் அடங்கினா எஞ்சின் போகலைன்னு தௌக்கேகிட்டச் சொல்லு.

சூடான பிறகும் வெள்ளையா வந்து, ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் மூடிக்கு அடியில இருக்கிற அடைப்புத் தகடு) சந்தேகப்படு. நீலமா வந்தா எண்ணெய் எரியுது.

ரிங்லெட்_லோரி:
அரை மணி நேரம் ஐட்லிங்ல விட்டுடு தம்பி, எல்லாம் சரியாயிடும்.

செந்தூல்_பெங்கெல்:
வேணாம். ஐட்லிங்ல டீசல் எஞ்சின் லேசுல சூடேறாது. பத்தாத டீசல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற எண்ணெயைக் கழுவி கீழே இறக்கும், எஞ்சின் ஆயில் நீர்த்துப் போகும். ஆயில் பிரஷர் வந்து, ஏர் பிரேக் வண்டின்னா காத்து ஏறி எச்சரிக்கை விளக்கு அணைஞ்சதும் மெதுவா ஓட்டச் சொல்லு. டெம்பரேச்சர் ஊசி ஏறுற வரைக்கும் 1,500 ஆர்பிஎம்மைத் தாண்ட வேணாம். எக்ஸாஸ்ட்டை அடைச்சு சூடேத்துற வார்ம் அப் சுவிட்ச் சில வண்டிகள்ல இருக்கு, இருந்தா போடு.

கிள்ளான்_காரன்:
2024 ஜூன் 10ல டீசல் 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறினதுல இருந்து தௌக்கேமார்களுக்கு ஐட்லிங்னாலே வயிறு எரியுது. பழைய வண்டிக்கு ஸ்பேர் கேட்டா மட்டும் காது கேட்காது.

ரிங்லெட்_லோரி:
ஸ்பேர் கேட்டா ‘ஊரிலிருந்து வந்தவனுக்கு என்ன தெரியும்’பாங்க. பஸ்பகோம் (வண்டி பரிசோதனை மையம்) இன்ஸ்பெக்‌ஷன்ல புகைக்கு ஃபெயில் ஆனாத்தான் ஃபில்டரே மாத்துவாங்க.

ஈப்போ_டீசல்:
தௌக்கே கதையை அப்புறம் பேசுவோம், நாளைக்கு வண்டி போகணும். தம்பி, எந்த எஞ்சின், 12 வோல்ட்டா 24ஆ, எதுவும் சொல்லலையே. பரவாயில்லை, இன்னிக்கு ராத்திரியே இதைப் பார்.

ஸ்டார்ட்டர் சுத்தும்போது புகைக்குழாய்ல வெள்ளைப் புகை வருதா? வந்தா டீசல் போகுது, சூடுதான் பத்தலை. புகையே வராம சுத்தினா டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கும். காலையில ஹேண்ட் பிரைமர் (கையால டீசலை ஏத்துற பம்ப்) லொடலொடன்னு இருக்கும், கெட்டியாகிற வரைக்கும் அமுக்கினதும் பிடிச்சிடும். அப்படின்னா டீசல் குழாயை இணைக்கிற பேன்ஜோ போல்ட்டோட செம்பு வாஷரை மாத்து.

சூடு பத்தலைன்னா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சிலிண்டரைச் சூடாக்குற குளோ பிளக்கைப் பார். விளக்கு எரியுதேன்னு நம்பாதே, பிளக் செத்தும் விளக்கு எரியும். பிளக்குகளுக்குக் கரன்ட் கொண்டு போற பஸ்பார் பட்டையைக் கழட்டி, ஒவ்வொரு பிளக்கையும் எர்த்தோட சேர்த்து மீட்டர்ல பார். சில ஓம் காட்டினா உயிர் இருக்கு, முடிவிலி காட்டினா போச்சு.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே மட்டும் அடிக்காதே. சிவந்து நிக்கிற குளோ பிளக்ல பட்டா வெடிச்சு பிஸ்டனையே உடைக்கும். ஸ்டார்ட்டரையும் 10 செகண்டுக்கு மேல தொடர்ந்து சுத்தாதே, ஒரு நிமிஷம் ஆற விடு.

செலாயாங்_புதுசு:
24 வோல்ட் அண்ணே, பழைய நாலு சிலிண்டர். சுத்தும்போதே புகை வருது. பிளக் நாலும் ஓம் காட்டுது. பட்டையைத் திரும்ப மாட்டி கீ போட்டா வோல்ட் ஒண்ணும் வரலை. கீழே இறங்கினாலும் டெம்பரேச்சர் ஊசி பாதிக்கு வராதுன்னு டிரைவர் சொல்றார்.

ஈப்போ_டீசல்:
அப்போ பிளக் வாங்காதே. மெயின் ஃபியூஸ் பார், அப்புறம் பிளக்குகளுக்குக் கரன்ட் விடுற ரிலே. கீ போடும்போது ரிலே ‘டிக்’னு கேட்டும் பஸ்பாருக்கு கரன்ட் வரலைன்னா உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும். ‘டிக்’கே இல்லைன்னா அதுக்கு வர்ற கன்ட்ரோல் வயரைத் தேடு. ஊசி ஏறலைங்கிறியே, யாரோ தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகிற வரைக்கும் ரேடியேட்டர் தண்ணியைத் தடுக்கிற வால்வு) கழட்டி எறிஞ்சிருப்பாங்க, இந்தச் சூட்டு நாட்டுல பாதிப் பேர் அதைத்தான் செய்றாங்க. ஹவுசிங்கைத் திற, வால்வு இல்லைன்னா 82 டிகிரியில திறக்கிறது ஒண்ணு வாங்கி, கேஸ்கெட்டோட போடு. ரிலேவுக்கு இன்னிக்கே தாப்பா பக்கம் விசாரி, ராத்திரி மலையில ஸ்பேர் கிடைக்காது.