அழகாபுரம் வீட்டுக் குழு: மாடி ரூமுக்கு நெட்

நான்: மாடி ரூமில் நெட் மறுபடியும் படுத்துவிட்டது. பகல் முழுக்க நன்றாக ஓடியது. இப்போது கிளாஸில் சார் பேசுவது துண்டு துண்டாகத்தான் வருகிறது.

அண்ணன்: வைஃபையா, புது அடாப்டரா?

நான்: அடாப்டர்தான். வைஃபை இரண்டு காங்கிரீட் தளம் தாண்டி ஏறுவதே இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயரைக்கூட இங்கே போனில் காட்டாது.

ஏற்காடு அத்தை: அதென்ன அடாப்டர் கண்ணு?

அண்ணன்: கரண்ட் ஒயர் வழியாகவே நெட்டை அனுப்புகிற ஜோடிப் பெட்டி அத்தை. ஒன்றை ரவுட்டர் பக்கத்துப் பிளக்கில் போட்டு லேன் ஒயரால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். இன்னொன்றை மாடிப் பிளக்கில் சொருகினால் அங்கே நெட் வந்துவிடும். சுவரை உடைக்கிற வேலை இல்லை.

சூரமங்கலம் மாமா: கீழே இருக்கிற பெட்டியை எதில் சொருகியிருக்கிறீர்கள்?

அப்பா: டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் இருக்கிற ஸ்பைக் பாக்ஸில்.

சூரமங்கலம் மாமா: அதிலிருந்து எடுத்து நேராகச் சுவர்ப் பிளக்கில் போடுங்க மச்சான். வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இந்தப் பெட்டி அதே ஒயரில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே டேட்டாவை ஏற்றி அனுப்புகிறது. ஸ்பைக் பாக்ஸுக்குள் ஃபில்டர் இருந்தால் அதை அப்படியே அமுக்கிவிடும். மொபைல் சார்ஜரையும் பக்கத்துப் பிளக்கில் போடாதீங்க, இரைச்சல் கலக்கும்.

அப்பா: மாற்றிவிட்டேன்.

நான்: ஸ்பீட் 9 எம்பிபிஎஸ் இருந்தது, இப்போது 14 ஆகியிருக்கிறது. பகலில் 60 வரும் மாமா.

சூரமங்கலம் மாமா: அப்போ சாயங்காலத்தில் வேறு ஏதோ மாறுகிறது. மோட்டார் போடுகிறீர்களா அக்கா?

அம்மா: மோட்டார் காலையில்தான் தம்பி. சாயங்காலம் ஒரு லைனில் வோல்டேஜ் இறங்கிவிடும், ஃபேன் சுற்றவே சுற்றாது. அதனால் கீழ் வீட்டு ஃபேஸ் சேஞ்சரைச் சிவப்பிலிருந்து நீலத்துக்குத் திருப்பிவிடுவேன். விடிந்ததும் மறுபடி சிவப்பு.

சூரமங்கலம் மாமா: மாடிக்குத் தனி சேஞ்சரா?

அம்மா: ஆமாம். அது மஞ்சளிலோ நீலத்திலோ வைத்தால் மேலே ஏசி தகராறு பண்ணும் என்று சிவப்பிலேயே விட்டுவிட்டோம்.

சூரமங்கலம் மாமா: கிடைத்துவிட்டது அக்கா. உங்கள் வீடு த்ரீ ஃபேஸ். மெயின் போர்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்கு எரிகிறதே, அவை மூன்றும் தனித்தனி ஒயர். பகலில் கீழேயும் மேலேயும் சிவப்பு, டேட்டா ஒரே ஒயரில் நேராக ஏறுகிறது. நீங்கள் திருப்பின உடனே கீழ்ப்பெட்டி நீல ஒயருக்குப் போய்விடுகிறது, மேல்பெட்டி சிவப்பிலேயே நிற்கிறது. ஒயர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் கொஞ்சம் சிக்னல் கசிந்து தாவும். அந்தக் கசிவுதான் இப்போது வருகிற 14.

அண்ணன்: அதனால்தான் அம்மாப்பேட்டையில் என் கூட்டாளி வீட்டில் சுத்தமாக எடுக்கவில்லையா? அங்கே மாடிக்குத் தனி மீட்டரே இருக்கிறது.

சூரமங்கலம் மாமா: அதேதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று நம் ஊரில் மாடிக்கு மாடி தனி இணைப்பு வாங்கி வைத்திருக்கிறோம். தனி மீட்டர் என்றால் இதை நம்பிக் காசு போடக் கூடாது. பெட்டி வாங்குகிற முன்னால் மீட்டர் போர்டைப் பார்க்க வேண்டும். கடையில் இதை யாரும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை.

அப்பா: சேஞ்சரைத் திருப்பாமல் இருக்க முடியாது மாப்பிள்ளை. மாடியையும் நீலத்துக்கு மாற்றட்டுமா?

சூரமங்கலம் மாமா: வேண்டாம். ராத்திரி ஏசி ஓடும்போது கீழ் வீடும் அதே ஃபேஸில் ஏறினால் ஒயர் சூடாகும். இன்வெர்ட்டர் லைன் மாடிக்கு இழுத்திருக்கிறதா?

அம்மா: ஃபேன், லைட், அப்புறம் மேஜை பக்கத்துப் பிளக் ஒன்று. கீழே ரவுட்டர் பிளக்கும் இன்வெர்ட்டர்தான். கரண்ட் போனாலும் நெட் வேண்டும் என்று அப்போதே போட்டோம்.

சூரமங்கலம் மாமா: பிரமாதம்! இரண்டு பெட்டியையும் இன்வெர்ட்டர் பிளக்கிலேயே போடுங்கள். அந்த லைன் இன்வெர்ட்டரிலிருந்து கிளம்பி இரண்டு மாடிக்கும் போகிற ஒரே ஒயர். உள்ளே எந்த ஃபேஸ் வந்தாலும் இரண்டு பெட்டிக்கும் ஒன்றாகத்தான் மாறும். பெட்டி இழுப்பது சில வாட்தான், பேட்டரிக்குப் பாரம் இல்லை.

ஏற்காடு அத்தை: எங்கள் அவுட்ஹவுஸும் வீட்டு போர்டிலிருந்துதான் லைன் எடுத்தது தம்பி. எனக்கும் வேலை செய்யுமா?

சூரமங்கலம் மாமா: செய்யுமுங்க, தூரம் கூடக்கூட வேகம் குறையும். ஆனால் சித்திரை, வைகாசியில் உங்கள் மலையில் இடி மின்னலோடு மழை இறங்கும்போது இரண்டு பெட்டியையும் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும், லேன் ஒயரையும் சேர்த்து. லேன் ஒயரை விட்டுவிட்டால் அது வழியாக ரவுட்டருக்கும் அடி விழும்.

ஏற்காடு அத்தை: போன வருஷம் டிவி அப்படித்தான் போயிற்று. கழற்றிவிடுகிறேன்.

நான்: மாமா!! அப்பா மாற்றிவிட்டார். அம்மா சேஞ்சரை நீலத்தில்தான் வைத்திருக்கிறார். 57 வருகிறது!

அண்ணன்: அடாப்டர் வந்த அட்டைப் பெட்டியில் 600 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறதே?

சூரமங்கலம் மாமா: அது ஒயரில் ஓடுகிற மொத்தக் கணக்கு. அந்த மாடலில் லேன் ஓட்டையே 100 எம்பிபிஎஸ்தான், அதற்கு மேல் வெளியே வராது. கண்ணு, அப்படியே இரண்டு பெட்டியையும் ஜோடி சேர்க்கிற ‘பேர்’ (Pair) பட்டனையும் அமுக்கிவிடு. ஒன்றில் அமுக்கிய இரண்டு நிமிஷத்துக்குள் இன்னொன்றிலும் அமுக்க வேண்டும். அப்போதுதான் உங்கள் பெட்டிகளுக்கு மட்டும் ஆன பூட்டு விழும்.

நான்: அமுக்கிவிட்டேன் மாமா. விளக்கு பச்சை.

அப்பா: தைக்கு முன்னால் பெயின்ட் வேலை இருக்கிறது. அப்போது லேன் ஒயரே இழுத்துவிடலாமா மாப்பிள்ளை?

சூரமங்கலம் மாமா: தாராளமாக. அதற்கு ஈடு எதுவும் இல்லை. கேட் 6 (Cat 6) ரக லேன் ஒயர் வாங்குங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். கரண்ட் பைப்பில் மட்டும் சேர்த்து நுழைக்க வேண்டாம், தனிப் பைப் போடச் சொல்லுங்கள்.

அப்பா: சரி, மேஸ்திரியிடம் சொல்லிவிடுகிறேன்.