ஹோக்கிடிகா – ஹாஸ்ட் மழையில் கேம்பர்வேன்: உள்ளே ஈரம், பேட்டரியும் ஏறவில்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நியூசிலாந்து தெற்குத் தீவின் மேற்குக் கரையில் வெஸ்ட்போர்ட்டிலிருந்து ஹாஸ்ட் போகும் வழியில் ஹோக்கிடிகாவில் இருக்கிறோம். தூங்க, சமைக்க வசதி செய்த பழைய டொயோட்டா ஹையேஸ் வேன், இரண்டு பேர், விடாத மழை.

காலையில் ஜன்னலெல்லாம் தண்ணீர் வழிகிறது, மெத்தையின் அடிப்பக்கம் சொதசொதவென்று இருக்கிறது. ரூஃப் வென்ட் (கூரையில் உள்ள காற்றுத் திறப்பு) மூலையிலும் ஈரத்திட்டு. மழைக்காக எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, குளிருக்குக் கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிடுகிறோம்.

ஹவுஸ் பேட்டரி (ஃபிரிட்ஜ் மாதிரி உள்ளே இருப்பவற்றுக்கான தனி பேட்டரி) 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (மூடிய லெட்-ஆசிட் வகை), கூரையில் 160 வாட் சோலார், 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். காலையில் 11.9 வோல்ட்தான். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டியும் ஏறவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் அந்த அடுப்பை நிறுத்துங்கள். அடைத்த வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாது, உயிருக்கே ஆபத்து. அதோடு ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும். நீங்கள் குளிருக்கு எரிப்பதே காலையில் ஜன்னலில் வழிகிறது. இரண்டு பேர் மூச்சிலும் வியர்வையிலும் ஒரு இரவுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் சேரும்.

மழையில் திறந்தால் ஈரம் உள்ளே வரும் என்பதுதான் எல்லோருக்கும் வரும் பயம். கணக்கு நேர்மாறு. வெளியே 8 டிகிரியில் முழு ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 52 சதவீதமாக இறங்கிவிடும். அதனால் காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து, வென்ட்டையும் சற்றுத் தூக்கி வையுங்கள். சாண்ட்ஃப்ளை (இங்குள்ள கடிக்கும் சிறு ஈ) பகலில்தான் கடிக்கும், இருட்டிய பிறகு தொல்லை இல்லை.

மெத்தைக்கு அடியில் காற்று போக வழி வேண்டும். பலகை மேல் நேராகப் போட்டால் எத்தனை முறை காயவைத்தாலும் மறுபடி நனையும். மரச்சட்டங்கள் கிடைக்காவிட்டால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் வலைப்பாயை விரியுங்கள்.

பதில் 2:
வென்ட் மூலை தனி விஷயம். அதைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை ஒட்டி, வண்டியின் முன்பக்கம் சரிந்திருக்கும்படி ஓர் இரவு நிறுத்துங்கள், அடுத்த இரவு பின்பக்கம் சரியட்டும். சரிவு மாறும்போது ஈரத்திட்டும் இடம் மாறினால் கசிவு. எப்படி நிறுத்தினாலும் ஒரே அளவு நனைந்தால் பெரும்பாலும் ஆவி படிவதுதான்.

கசிவு என்றால் ஈரத்தின் மேல் எதையும் ஒட்டாதீர்கள், பிடிக்காது. மின் இணைப்புள்ள கேம்ப்சைட்டில் மழை இடைவெளி பார்த்து, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்தி, பியூட்டில் டேப்பை (தண்ணீர் புகாத ஒட்டும் ரப்பர் பட்டை) ஓரம் முழுவதும் அழுத்தி ஒட்டுங்கள். சாதாரண சிலிகான் பூசினால் பின்னால் வேறு எதுவும் அதன்மேல் ஒட்டாது.

பதில் 3:
பேட்டரிக்கு வருகிறேன். 11.9 என்றால் ஏஜிஎம் பாதிக்கும் கீழே போய்விட்டது. இப்படியே ஓடினால் தகட்டில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவே போய்விடும். இந்த மேகத்தில் சோலாரை நம்ப முடியாது. ஃபிரிட்ஜ் மட்டுமே ஒரு நாளைக்கு 25 முதல் 35 ஆம்பியர்-அவர் எடுக்கும்.

இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து, ஸ்டார்ட்டர் பேட்டரியிலும் (இன்ஜினைக் கிளப்புவது) ஹவுஸ் பேட்டரியிலும் மல்டிமீட்டரால் அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஸ்டார்ட்டரில் 14.2, ஹவுஸில் 12.4.

பதில் 3:
அப்படியானால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருவது) நல்லது, நடுவில்தான் அடைப்பு. ஸ்பிளிட் சார்ஜ் ரிலேயின் (இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் சுவிட்ச்) இரண்டு முனைகளையும் அளவிடுங்கள். இரண்டிலும் 14.2 என்றால் அதற்கப்பால் உள்ள ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து பாருங்கள். கடல் காற்றில் பச்சை பூத்திருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள், சுரண்டிப் போட்டால் சீக்கிரமே திரும்பப் பூக்கும். ரிலேக்கு ஒரு பக்கம் 14.2 வந்து மறுபக்கம் இல்லையென்றால் ரிலே அல்லது அதன் எர்த். ஐந்து மீட்டர் ஓட்டத்துக்கு ஒயர் 16 சதுர மி.மீ. இருக்க வேண்டும். 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (வண்டி ஓடும்போது ஹவுஸ் பேட்டரியைச் சரியான வோல்ட்டில் ஏற்றும் கருவி) வைத்தால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 40 ஆம்பியர்-அவர் ஏறும், ஃபிரிட்ஜின் ஒரு நாள் செலவு முடிந்தது.

பாகம் கிடைக்கும்வரை ஓர் இரவு மின் இணைப்பில் போட்டு முழுசாக ஏற்றுங்கள். இதையெல்லாம் ஹோக்கிடிகாவிலேயே முடித்துவிடுங்கள், தெற்கே கடை குறைவு. ஃபாக்ஸ் கிளேசியரில் டேங்கை நிரப்புங்கள், அங்கிருந்து ஹாஸ்ட் சுமார் 120 கி.மீ., நடுவில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. கனமழை எச்சரிக்கை இருந்தால் கிளம்பாதீர்கள். ஹாஸ்ட் பக்கம் மண் சரிந்து சாலை மூடினால் சுற்றுவழி கிடையாது, வடக்கே மலையைக் கடக்கும் ஆர்தர்ஸ் பாஸ் சாலை வரை திரும்பி வர வேண்டும்.