தரையில ஒரு தண்டால் கூட முழுசா வரல, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

வேளச்சேரி_வாசி:
வணக்கம் மக்களே, வயசு 31, வெயிட் 84 கிலோ, நாள் பூரா சேர்ல உக்காந்து பாக்குற வேலை. ஜிம்முக்கு காசு கட்டிட்டு போகாம விட்ட கேஸ் நானு, சரி வீட்லயே பண்ணலாம்னு பாத்தா தரையில புஷ்அப் ஒண்ணு கூட வரல, பாதி இறங்கும்போதே இடுப்பு தொங்கிடுது, அப்புறம் தொப்புனு நெஞ்சு தரையில. முட்டி போட்டா வருது, ஆனா அதுலயே ரொம்ப நாளா நிக்குறேன், முட்டிய தூக்கினா பழைய கதைதான். செவுத்துல கை வச்சு பண்ணா ஒண்ணுமே தெரியல. மணிக்கட்டு வேற வலிக்குது. நடுவுல ஏதாச்சும் இருக்கா? ரெண்டாவது மாடி வீடு, லிப்ட் கிடையாது.

படிக்கட்டு_பயில்வான்:
லிப்ட் இல்லன்னா படிக்கட்டு இருக்குமே ப்ரோ, அது போதும். கீழ நின்னுட்டு மேல் படியில கை வச்சு எடுங்க. கணக்கு சொல்றேன், தரையில நேரா எடுக்கும்போது கை தாங்குறது உடம்பு வெயிட்ல சுமார் 64 சதவீதம், உங்களுக்கு அது 54 கிலோ கிட்ட வருது. முட்டி போட்டா 49, அதாவது 41 கிலோ. கைய 60 செ.மீ. உசரத்துல வச்சா 41 சதவீதம், 34 கிலோதான். 30 செ.மீ.ன்னா 55 சதவீதம். நம்ம ஊர் அபார்ட்மென்ட் படி ஒண்ணு 6, 7 இன்ச் இருக்கும், அப்போ நாலாவது படிதான் அந்த 60, ரெண்டாவது படி 30. நாலுல ஆரம்பிங்க, மூணு ரவுண்டும் 12 சுத்தமா வந்தா அடுத்த தடவை ஒரு படி கீழ இறங்குங்க, அவ்ளோதான்.

முட்டி போட்டு பண்றதுல வெயிட் குறையுது சரி, ஆனா இடுப்பும் வயிறும் லீவு போட்டுரும், உங்களுக்கு தொங்குறதே அந்த இடம் தானே. படியில கால் நீட்டி நிக்கறதால தலையில இருந்து குதிகால் வரைக்கும் பலகை மாதிரி புடிச்சே ஆகணும், பின்பக்கத்த இறுக்கி வச்சுக்கோங்க, தானா நேரா நிக்கும்.

அண்ணாநகர்_அக்கா:
முட்டி போடறதே வேஸ்ட்னு ஆக்கிடாதீங்கப்பா. எங்கம்மாக்கு 60 தாண்டிடுச்சு, கிச்சன் மேடையில கை வச்சுதான் ஆரம்பிச்சாங்க, இப்போ பாய் விரிச்சு முட்டி போட்டு எடுக்கறாங்க, அவங்களுக்கு அதுவே ஜாஸ்தி. அப்புறம் தம்பி, பிளாஸ்டிக் சேர்ல மட்டும் கை வச்சுறாதீங்க, டைல்ஸ்ல சர்ருனு போய்டும், பல்லு போகும். பழைய பில்டிங் மொட்டை மாடி கைப்பிடி சுவரும் வேணாம், எது ஆடுதுன்னு சொல்ல முடியாது.

பிசியோ_மாணவன்:
மணிக்கட்டு வலிக்கு காரணம், கைய 90 டிகிரி பின்னாடி மடக்கி அதுமேல வெயிட்ட போடுறீங்க. படி விளிம்ப விரலால புடிச்சு பண்ணா மடக்கு குறையும். தரைக்கு வரும்போது அறுகோண டம்பெல் ரெண்டு வச்சு அத புடிச்சுக்கலாம், உருண்டை டம்பெல் உருண்டுடும் வேணாம். முழங்கைய ரெண்டு பக்கமும் விரிக்காதீங்க, உடம்புக்கு 45 டிகிரி கிட்ட இருக்கட்டும், தோள் தப்பிக்கும். ரெண்டாவது படி வந்ததும் கடைசி ரவுண்ட தரையில பண்ணுங்க, ஆனா இறங்கறது மட்டும், அஞ்சு எண்ணிட்டே மெதுவா இறங்கி, முட்டி ஊனி எழுந்துருங்க. மேல தள்ள முடியாத வெயிட்ட கூட கீழ இறக்க முடியும், பலம் அதுலயே ஏறும். தோள்ல சுருக்குனு குத்துச்சுன்னா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க.

வேளச்சேரி_வாசி:
நாலாவது படியில 8 வந்துச்சு! இடுப்பு தொங்கல, மணிக்கட்டும் பரவால்ல. நடுவுல தண்ணி கேன் போடுற அண்ணன் வந்துட்டாரு, கேனோட நின்னு "இன்னும் கீழ இறங்கு தம்பி"ன்றாரு 😅 தினமும் பண்ணலாமா?

படிக்கட்டு_பயில்வான்:
வேணாம், ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு மூணு. ரவுண்டுக்கு நடுவுல ரெண்டு நிமிஷம் ரெஸ்ட். அந்த அண்ணன் சொன்னதும் கரெக்ட், நெஞ்சு படி விளிம்பு கிட்ட வரணும், பாதியில திரும்பினா கணக்குல வராது. கேன் வர்ற டைம் பாத்து வச்சுக்கோங்க.

வேளச்சேரி_வாசி:
சரி ப்ரோ, காலைல ஆறு மணிக்கு மாத்திக்கறேன்.