தொட்டி நிறைஞ்சும் மேட்டுத் தெருவுக்குத் தண்ணி வரலை: மீட்டர் இல்லாம கசிவைக் கண்டுபிடிக்க முடியுமா?

பாளைக்காரன்:
எங்க பகுதி மேல்நிலைத் தொட்டி 3 லட்சம் லிட்டர், வட்டத் தொட்டி. 600 வீட்டு இணைப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. மேட்டுத் தெருவுல நூலாட்டம்தான் விழுது. இன்னொரு தொட்டி கேட்டு மனு கொடுக்கணும்னு சங்கத்துல பேசுறாங்க. அதுக்கு முன்னால, இருக்கிற தண்ணி எங்க போகுதுன்னு பார்க்க வழி உண்டா? வீடுகள்ல மீட்டர் கிடையாது.

குறுக்குத்துறை:
வீட்டுக்கு 500 லிட்டர். 4 பேர், 2 நாள்னா தலைக்கு நாளொன்றுக்கு 62 லிட்டர்தான். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு விதி 135. மனு நியாயம்தான். ஆனா ஓட்டைக் குழாய்க்கு எத்தனை தொட்டி கட்டினாலும் பத்தாது.

மீட்டர் இல்லாட்டி தொட்டியே மீட்டர். விட்டம் 12 மீட்டர்னா, மட்டம் 1 செ.மீ. இறங்கினா சுமார் 1,130 லிட்டர். வெளியே இருக்கிற மட்டப்பலகையை நம்பாதீங்க, மிதவைக் கயிறு சிக்கி நிக்கும். மேல்மூடி வழியா இரும்பு டேப் விட்டு அளக்கச் சொல்லுங்க.

ராத்திரி தொட்டியை நிரப்பி, ஏத்துற பம்பை நிறுத்தி, வெளிவாய் வால்வை அடைச்சு ஆறு மணி நேரம் விடணும். இறங்கினா தொட்டியோ வால்வோ கசியுது. அதைச் சரிசெய்யாம மேல போனா அடுத்த கணக்கெல்லாம் வீண்.

அப்புறம் தண்ணி விடுற நாள்ல கடைசி ஒரு மணி நேரம். பெரும்பாலான சம்ப் அப்போ நிறைஞ்சிருக்கும். பம்ப் ஓடக்கூடாது. தொட்டிக்குத் தூரத்துத் தெரு வால்வுல தொடங்கி ஒவ்வொண்ணா அடைச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒருக்க மட்டம் எழுதுங்க. எதை அடைச்சதும் இறக்கம் சட்டுனு குறையுதோ, அந்தத் தெருவைப் பிடிங்க.

தாழையூத்து:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா அந்த இறக்கம் கசிவாத்தான் இருக்கணும்னு இல்லை. பள்ளத்துத் தெருவுல மிதவை வால்வு இல்லாத சம்ப் நிறைஞ்சு வாறுகால்ல ஓடிட்டிருக்கும். தண்ணி விடுற நேரத்துல நடந்து பாருங்க, தெளிஞ்ச தண்ணி ஓடும்.

ரோட்டு ஓரம் ஊறினா, பாளையங்கால் வாய்க்கால்ல தண்ணி போற காலத்துல அது வெறும் ஊற்றாவும் இருக்கலாம். குளோரின் சோதனைச் சொட்டு விட்டு மஞ்சள் வந்தா குழாய்த் தண்ணி. வராட்டியும் இல்லைன்னு முடிவு கட்டாதீங்க. மண்ணுல குளோரின் செத்துப்போகும்.

மேட்டுத் தெரு விஷயத்துல எனக்கு முதல் சந்தேகம் குழாய்ல நேரடியா மாட்டுற மோட்டார் மேல. தண்ணி வர்ற நேரத்துல கரண்ட் போனதும் மேட்டுல வேகம் கூடுதான்னு கவனிங்க. கூடினா கசிவைத் தேடுறதுக்கு முன்னால மோட்டாரைக் கழட்ட வைக்கணும். அது உறிஞ்சும்போது ஓட்டை வழியா சாக்கடையும் குழாய்க்குள்ள வரும்.

பாளைக்காரன்:
ரெண்டு தெரு வால்வு மண்ணு மூடிக் கிடக்கு. தோண்டித் திருகலாமா?

குறுக்குத்துறை:
நீங்க கை வைக்காதீங்க. வருஷக்கணக்கா அசையாத வால்வை நெம்பினா ஸ்பிண்டில் (திருகுற தண்டு) முறியும், அடைச்சபடியே நின்னா தெருவுக்கே தண்ணி இல்லை. தண்ணி திறந்துவிடுற ஊழியரை வச்சு, மண்ணை எடுத்து எண்ணெய் விட்டு, கால் திருகு முன்ன, கால் திருகு பின்னன்னு இளக்கணும். முழுசா அடைய எத்தனை சுத்துன்னு எண்ணி மூடியிலேயே எழுதி வைக்கச் சொல்லுங்க. தோண்டினா முதல்ல பிரதானக் குழாய்ல இருந்து வீட்டு இணைப்பு பிரியுற ஃபெரூலைப் பாருங்க, கசிவு அதிகமும் அங்கதான். டியூப் சுத்திக் கட்டினா அடுத்த தடவை அழுத்தம் ஏறும்போது பிச்சுக்கும். கிளாம்போட சேர்த்து மாத்திடணும்.