பந்து போட்டவன் பயிற்சி கொடுக்கலாமா?

பாளையங்கோட்டைக்காரன்:
14 வருடம் லீக் ஆட்டங்களில் இடது கை சுழல் போட்டேன், பெரும்பாலும் மேட்டில், அதாவது பாய் விரித்த ஆடுகளத்தில். தோள்பட்டை போய்விட்டது. வ.உ.சி. மைதானத்துக்கு வரும் ஆறு பையன்கள் சொல்லிக்கொடுக்கக் கேட்கிறார்கள். மாநில அணிக்கே ஆடாதவன் நான். எனக்கு அந்தத் தகுதி உண்டா?

தாழையூத்து வாசகன்:
அண்ணாச்சி, சுனில் சுப்பிரமணியத்தைப் பாருங்கள். அவரும் இடது கை சுழல்தான். 74 முதல்தரப் போட்டிகளில் 285 விக்கெட். இந்தியாவுக்கு ஆடும் வாய்ப்பு மட்டும் கிடைக்கவே இல்லை. எனக்கு இன்றும் அது வருத்தம். அப்புறம் அஸ்வினுக்குப் பயிற்சியாளர் ஆனார். 2017 முதல் 2019 வரை இந்திய அணிக்கு மேலாளர். அஸ்வின் டெஸ்டில் 537 விக்கெட் எடுத்தார். தகுதி என்றால் இதுவும்தானே?

மேலப்பாளையம் கீப்பர்:
சரி, ஒன்று சொல்கிறேன். மேட்டில் பந்து எழும்பும், நன்றாகத் திரும்பும். அந்த லெங்த்திலேயே, அதாவது பந்து விழும் தூரத்திலேயே, பழகிய பையன் சங்கர் நகர் மாதிரி புல்தரை ஆடுகளத்துக்குப் போனால் ஷார்ட்டாக, பேட்ஸ்மேனுக்கு எட்டத்தில் விழுகிற மாதிரி, போட்டு அடி வாங்குவான். நான் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பேட்ஸ்மேன் பக்கமாகக் கூடுதலாக இரண்டடி தள்ளி ஒரு துண்டை விரித்து, அதில் விழுகிற மாதிரி போடச் சொல்லுங்கள். இது உங்களுக்குத் தெரிந்த வேலை.

பாளையங்கோட்டைக்காரன்:
அந்த அடியை நானும் வாங்கியிருக்கிறேன். ஞாயிறு காலை 6 மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். துண்டு நான் கொண்டுபோகிறேன்.