மறு: டைம் அவுட்டுக்குத் தமிழ் – ‘காலாவதி’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம். ஒரு கணினி இன்னொன்றின் பதிலுக்குக் குறித்த நேரம் காத்திருந்துவிட்டுக் கைவிடுவதுதான் டைம் அவுட். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி ஐயா எழுதியதற்கு என் பதில் இது.

> டைம் அவுட் = காலாவதி. பழகிய சொல், விட்டுவிடலாம்.

ஐயா, பழகிய சொல்தான். ஆனால் வேறொன்றுக்குப் பழகியது. மாத்திரை அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் பார்க்கிற காலாவதி, அந்தப் பொருளின் ஆயுள் முடிந்ததைச் சொல்கிறது. டைம் அவுட்டில் எதன் ஆயுளும் முடிவதில்லை. காத்திருந்தவரின் பொறுமைதான் முடிகிறது.

இதனால் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பெங்களூரில் நாங்கள் நாலு பேர் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன நூலகத் தளம் உண்டு. பிழைக் குறிப்புகளைத் தமிழில்தான் எழுதுவோம். ஒருநாள் காலை தளம் திறக்கவில்லை. எங்கள் தம்பி ஒருவன் ‘காலாவதி என்று வருகிறது’ எனக் குறித்துவிட்டு மெட்ரோ ஏறிவிட்டான். ஓசூரில் இருந்த அடுத்தவர் அதைப் பார்த்தார். காலாவதி என்றால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ்தானே? எங்களுடையது லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருவது, 90 நாள் ஆயுள். அதைப் புதுப்பிக்கும் கருவியான சர்ட்பாட் ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்று சொல்லியும் கேட்காமல், வலுக்கட்டாயமாகப் புதுப்பித்து, என்ஜின்எக்ஸை (உலாவியின் கோரிக்கையை வாங்கி, பின்னால் இருக்கும் செயலிக்கு அனுப்பும் மென்பொருள்) ரீலோட் செய்தார். தளம் அப்படியே கிடந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து என்ஜின்எக்ஸின் எரர் லாகை (பிழைப் பதிவேட்டை) திறந்தால், ‘110: கனெக்‌ஷன் டைம்டு அவுட்’. முந்தின இரவு செயலியை வேறு வழங்கிக்கு (சர்வருக்கு) மாற்றியிருந்தோம்; அங்கே காவல் நிற்கும் ஃபயர்வாலில், செயலிக்கு வழிவிடும் வாசலான 8080 போர்ட்டைத் திறக்க மறந்துவிட்டோம். அவ்வளவுதான்.

அதே லாகில் 111 என்று இருந்திருந்தால் கதை வேறு. அது ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. பெங்களூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெஜஸ்டிக்கில் ஆட்டோவை நிறுத்திக் கேட்டால் முகத்துக்கு நேரே ‘பரல்லா’ (கன்னடத்தில் ‘வரமாட்டேன்’) என்பார் பாருங்கள், அதுதான் 111. வழங்கி உயிரோடு இருக்கிறது, உடனே பதிலும் சொல்கிறது. அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை. சேவையைத் தொடங்கினால் தீர்ந்தது. உலாவியில் இது 502 என்ற பிழை எண்ணாகத் தெரியும். 110 அப்படியில்லை. ஆப்பில் ஆட்டோ தேடி, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிற கதை. போன பாக்கெட்டை (தரவுத் துண்டை) ஃபயர்வால் விழுங்கியதா, வழங்கியே படுத்துவிட்டதா, தெரியாது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 நொடி பார்த்துவிட்டு 504 என்ற பிழை எண்ணைக் காட்டும்.

அந்த 60 நொடிக்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: கெடு. ‘பணத்தைக் கட்ட கெடு வைத்தார்’ என்கிறோமே, அதேதான். கெடு வைப்பவர் காத்திருப்பவர். அது தாண்டிவிட்டால் ‘கெடு தாண்டியது’. ‘நேரமுடிவு’ என்றும் ஒருவர் முன்பு சொன்னார். யாருடைய நேரம் என்று அதில் தெரியவில்லை.

> கெடு என்பது தேதி. டைம் அவுட் என்பது கால அளவு. தவிர ‘இணைப்புக் கெடு’ என்று திரையில் வந்தால் இணைப்பைக் கெடுக்கச் சொல்வதுபோல் இருக்காதா தம்பி?

முதலாவதை ஏற்க மாட்டேன் ஐயா. ‘பத்து நாள் கெடு’ என்றுதானே பேசுகிறோம், அது அளவுதான்.

இரண்டாவதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். அது உண்மைதான், எனக்குத் தோன்றவேயில்லை. அமைப்புக் கோப்பில் பொத்தான் பெயர்போல நறுக்கென்று ‘வாசிப்புக் கெடு’ என்று எழுதினால் வசவு மாதிரியே இருக்கிறது. ஆகவே சேர்த்து எழுத வேண்டாம்: ‘இணைப்புக்கான கெடு: 60 நொடி’, ‘பதிலுக்கான கெடு: 60 நொடி’. இரண்டெழுத்து கூடும், பரவாயில்லை.

இன்னொன்று. பதிலுக்கான கெடு தாண்டினால் பின்னால் இருக்கும் செயலியில் வேலை நின்றுவிட்டது என்று பொருளில்லை. 61ஆம் நொடியில் விடை தயாராகலாம். வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. எங்கள் தளத்தில் இப்படித்தான் ஒரே உறுப்பினர் இரண்டு முறை பதிவானார். 504 பார்த்துவிட்டு மறுபடி அழுத்தியிருக்கிறார். ‘காலாவதி’ என்று படிப்பவர் எல்லாம் முடிந்தது என்று நினைத்து அழுத்தத்தான் செய்வார்.

சான்றிதழுக்குக் காலாவதி இருக்கட்டும். 504க்கு (ஆங்கிலத்தில் ‘கேட்வே டைம் அவுட்’) ‘நுழைவாயிலில் கெடு தாண்டியது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘நுழைவாயில்’ எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அதைத் தனி இழையில் பேசலாம்.